பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறீர்களா?

ராணுவத்துக்கு நெடுங்காலம் உழைத்த மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது. இப்போது ஷோரூமில் கிடையாது, பழையதுதான் கிடைக்கும்.

வாங்குமுன் வண்டியை மண் தரைக்குக் கொண்டுபோங்கள். தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்கக் கூடாது. ஜிப்ஸியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் சக்கரங்கள் இறுகி, கியர்களுக்குச் சேதம் வரும். மண்ணில் ஃபோர்-ஹை, பிறகு வண்டியை நிறுத்தி ஃபோர்-லோ போடுங்கள். லீவர் முரண்டு பிடித்தாலோ, முன்சக்கரங்கள் இழுக்காவிட்டாலோ செலவு பெரிது.

அடியில் குனிந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங் பொருந்தும் இடத்தில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தால், அதற்குள் துரு இருக்கலாம். நான்கு டயரும் ஒரே அளவா?

சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏல ரசீது மட்டும் போதாது, ஆர்.டி.ஓ. பதிவும் வேண்டும். உதாரணமாக, மகாராஷ்டிரப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற, மகாராஷ்டிர ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று கட்டாயம். அது கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.