வேர் பிழைத்தால் மரம் பிழைக்கும்

2004 டிசம்பர் 26இல் கடல் பெருகியபோது நாவலடி, கல்லடி போன்ற கரையோரக் கிராமங்களில் வீடுகளோடு வளவுகளும் உப்புநீரில் மூழ்கின. தென்னையும் பனையும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. மா போன்ற மரங்கள் பல இலை கருகி நின்றன. வீடும் வேலியும் போனபின் திரும்பி வரும் பெண்ணுக்கு, முற்றத்து மரம் வெறும் நிழல் அல்ல. தன் காணி இதுதான் என்று காட்டும் அடையாளமும் அதுவே. ஆகவே இலை உதிர்ந்தவுடன் தறித்துவிடாதீர்கள் சகோதரிகளே.

உப்பு என்ன செய்கிறது? ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதை நாம் அறிவோம். அதுபோல உப்பேறிய மண் வேருக்கு நீர் கொடுக்காது. இதற்கு மருந்து நல்ல நீரே. எமது மணல் நிலத்தில் மாரி மழை உப்பைக் கீழே கழுவிச் செல்லும். கோடையில் கிணற்றை அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம். அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும்.

இன்னொரு காரணம் நாமே செய்வது. வீடு கட்டும்போது நிலத்தை உயர்த்த மண் நிரப்புகிறோம், மரத்தைச் சுற்றிச் சீமெந்தும் போடுகிறோம். நீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. காற்றில்லாமல் அவை அழுகுகின்றன. அடிமரம் விரியாமல், நட்ட கம்பம்போல் மண்ணுக்குள் இறங்கினால், தூர் புதைந்துள்ளது என்று அறியலாம்.

செய்ய வேண்டியவை:

1. முதல் தடித்த வேர் தெரியும்வரை மண்ணைக் கையாலும் சிறு குச்சியாலும் அகற்றுங்கள். மண்வெட்டி வேரைக் காயப்படுத்தும்.
2. கொப்பு பரந்த அளவுக்குச் சருகு அல்லது வைக்கோலை நான்கு விரல் கனத்தில் பரப்புங்கள். அடிமரத்திலிருந்து ஒரு சாண் விலகியிருக்கட்டும்.
3. கோடையில் நீரை அடிமரத்தில் அல்ல, கொப்புகளின் நுனிக்குக் கீழே, மெதுவாக ஆழ ஊற்றுங்கள்.
4. காய்ந்த கொப்பை மட்டும் வெட்டுங்கள். பச்சை இலைதான் வேருக்கு உணவு தருகிறது.
5. நோயுற்ற மரத்துக்கு யூரியா போடாதீர்கள். அதுவும் உப்பைப்போல வேரைப் பாதிக்கும்.
6. வெள்ளம் தேங்கினால் வடிகால் வெட்டுங்கள். ஈரமண்ணை மிதிக்க வேண்டாம்.

அடியில் காளான் முளைத்து, மரமும் சாய்ந்து, நிலம் வெடித்திருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியை எங்கள் மூத்தவர்கள் மறக்கவில்லை. மாரிக் காற்றுக்கு முன்பே அதை அகற்றி, பக்கத்தில் புதுக் கன்று ஒன்றை நடுங்கள்.

மற்றவை தளிர்க்க இரண்டு மூன்று வருடங்கள் ஆகலாம். காத்திருப்பது எமக்குப் புதிதல்ல.