நேர்முகப் பரீட்சையும் இயலாமையின் சமூக அடிப்படையும்

1889ஆம் ஆண்டு நியூயோர்க் துறைமுகத்தில் வந்திறங்கிய சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ் என்னும் இளைஞரை நாட்டினுள் அனுமதிக்கக் குடிவரவு அதிகாரிகள் தயங்கினர். அவர் குள்ளமான உருவமும் கூனும் உடையவர், கையிற் பணமில்லை, ஆங்கிலமும் அறியார். உடன்வந்த நண்பரொருவர் அவருக்காகப் பொறுப்பேற்றமையாலேயே உள்ளே செல்ல முடிந்தது. ஜேர்மனியிற் சோசலிச இயக்கத்தில் ஈடுபட்டமையாற் பிஸ்மார்க்கின் ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர் அவர். மூன்றாண்டுகளின் பின், 1892இல், மின்பொறிகளில் இரும்பு மாறிமாறிக் காந்தமாக்கப்படும்போது வீணாகும் சக்தியைக் கணிக்கும் விதியை வெளியிட்டார். ஆடலோட்டச் சுற்றுக்களைச் சிக்கலெண்களாற் கணிக்கும் முறை பொறியியலாளரிடையே பரவியதும் அவராலேயே.

இவ்வரலாறு பெரும்பாலும் தனிமனித மனவுறுதியின் வெற்றியாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. வீரயுகக் கதைகளுக்குப் பொருந்தும் வாசிப்பு அது. மனங்கொள வேண்டியது வேறொன்று: அதிகாரிகள் ஆராய்ந்தது அவருடைய ஆற்றலையன்று, உடலையும் பேச்சையும் பணப்பையையுமே. விஞ்ஞான, பொறியியற்றுறைகளில் நடைபெறும் நேர்முகப் பரீட்சைகளை நோக்குமிடத்து, அவை அத்துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்துள்ளன என்ற வினா எழுகின்றது.

பிரித்தானியாவில், பிரித்தொதுக்கலுக்கு எதிரான உடற்குறைபாடுடையோர் ஒன்றியம் 1976இல் வெளியிட்ட கொள்கை விளக்கம் இங்குப் பயனுடையது. குறைபாடு உடலுக்குரியது, இயலாமையோ அக்குறைபாட்டின்மீது சமூகம் சுமத்துவது என்பது அதன் சாரம். தென்னாபிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறைசென்ற விக் ஃபிங்கெல்ஸ்ரைன் அவ்வொன்றியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். ஆலைத் தொழில் ஒரே வேகத்தில் இயங்கும் உடல்களை வேண்டிநின்றபோதே ஏனையோர் உற்பத்தியிலிருந்து ஒதுக்கப்பட்டனர் என அவர் வாதிட்டார். நேர்முகப் பரீட்சையும் அவ்வொரே வேகத்தையே எதிர்பார்க்கின்றது.

கணினி நிரலாளரைத் தெரிவுசெய்வோர் பலகையின் முன் நிறுத்தி, முக்கால் மணி நேரத்தில் நிரலை எழுதச் சொல்வது பெருவழக்கு. பார்வையற்ற நிரலாளர் திரையிலுள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளின் துணையுடன் நாளாந்தம் திறம்பட வேலை செய்பவர். பலகையில் அவர் தோற்பது நிரலாக்கத்திலன்று. செவிப்புலனற்ற பொறியியலாளருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்திவிட்டாற் போதுமென எண்ணுவதும் தவறு. துறைச்சொற்களை அப்பெயர்ப்பாளர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பெயர்ப்பு சற்றுப் பின்தங்கியே வருமாதலாற் கேள்வி கேட்போர் ஒருவர்பின் ஒருவராகப் பேசவேண்டும். அவ்வாறில்லையெனில் விடையின் தாமதம் அறிவின் தாமதமாகக் கணிக்கப்பட்டுவிடும். திக்குவாயுடையவரைத் தொலைபேசியில் மட்டும் பரீட்சிப்பதும் இத்தகையதே. ஆய்வுகூடத்தில் வேண்டப்படுவது சரளமான பேச்சா?

சட்டம் ஓரளவு வழிசெய்துள்ளது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வேலை வழங்க முன்வருமுன் இயலாமைபற்றி வினவுவதைத் தடைசெய்கின்றது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் உடல்நலம்பற்றி அக்கட்டத்தில் வினவுவதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துகின்றது. பரீட்சைக்கு எத்தகைய வசதி தேவையென அறிவதற்காகக் கேட்கலாம். ஆயின் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. வசதி பெறவேண்டுமாயின், விண்ணப்பதாரி தம் நிலையைத் தாமே வெளிப்படுத்தல் வேண்டும்; வெளிப்படுத்தினால் வேலை கிடையாமற் போகலாமென்ற அச்சமும் உண்டு. வேலை கொடுப்போனும் தேடுவோனும் சமவலுவுடையோர் எனக் கொள்ளும் தாராளவாதச் சட்டநோக்கின் குறை இது. உரிமை சலுகையாக உருமாறுவது இவ்விடத்திலேதான்.

ஆதலின் கேட்டவருக்கு மட்டும் வழங்காது, யாவருக்கும் முற்கூட்டியே வழங்குவதே தக்கது. வினாக்களின் தன்மை, அறையின் அமைவிடம், படிகளின்றிச் செல்லும் வழி, குழுவினரின் தொகை ஆகியன அழைப்புக் கடிதத்திலேயே இடம்பெறலாம். பலகையில் எழுதுவதற்குப் பதிலாகத் தம் சொந்தக் கருவியிற் செய்து காட்டவும் இடமளிக்கலாம். இதனாற் பரீட்சையின் தரம் தாழும் என்பார் உளர். வேலைக்கு வேண்டிய ஆற்றலை மட்டும் அளப்பது தரத்தைத் தாழ்த்துவது எங்ஙனம் என அவர்களே விளக்குதல் வேண்டும்.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பிற் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கின்றது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது. பாரபட்சம் கூடாதென்பது மட்டும், பரீட்சை அறையில் என்ன நடைபெறவேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடாது. விரிவுரையாளர் பதவிக்கு விஞ்ஞான, பொறியியற் பீடங்கள் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் இன்று திகதியும் நேரமும் இடமும் கொண்டுவரவேண்டிய மூலச் சான்றிதழ்களும் குறிக்கப்படுகின்றன. மேற்கூறிய விபரங்களைச் சேர்க்க இன்னும் நான்கு வரிகள் போதும்.