பிள்ளைகளோடு சேரும் ஞாயிறு

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890 ஜூன் 10 அன்று. நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிப் பெற்றுத் தந்த உரிமை அது. வார விடுமுறை இன்று சட்டமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆனால், ஒரே வீட்டில் வாழ்வோர் அனைவருக்கும் அது ஒரே நாளில் வருகிறதா?

பெரியபாளையத்தையும் சுற்றுப்புற ஊர்களையும் சேர்ந்த பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் பணிபுரிகின்றனர். ஞாயிறன்று வேலை செய்பவருக்கு அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாள்களுக்குள் ஒருநாள் முழு விடுமுறை தரவேண்டும் என வகுத்தது, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். உடலின் ஓய்வுக்கு இது போதும். உறவுக்குப் போதாது. தந்தைக்குப் புதன்கிழமை விடுமுறை என்றால், அன்று மகள் பள்ளியில் இருப்பாள்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பிளஸ் 2 முடிக்கும் வரை இரண்டு ஆண்டுகள்; அதாவது, 104 ஞாயிறுகள். தந்தையின் விடுமுறை ஏழு நாள்களிலும் சுழன்று வருமானால், அவற்றுள் சுமார் 15 மட்டுமே அவருக்கு வாய்க்கும். சிறப்பு வகுப்பு, தேர்வு, உறவினர் திருமணம் ஆகியவை போக எஞ்சுபவை மிகச் சில. அதன்பின் பிள்ளை விடுதிக்கோ வெளியூர் வேலைக்கோ சென்றுவிடக் கூடும்.

ஓய்வு பொதுவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக சோவியத் ஒன்றியம் 1929-இல் நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு என்ற முறையைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நாள்களில் ஓய்வு பெற்றனர். ஓய்வு நாள்கள் கூடின. ஆனால், கணவனுக்கு ஒருநாள், மனைவிக்கு வேறொரு நாள் என்றானதால் மனக்குறை பெருகியது. 1931-இல் பொதுவான ஓய்வு நாள் திரும்பியது. 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் மீண்டன.

நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கேரி பெக்கர், 1965-இல் எழுதிய கட்டுரையில் குடும்பத்தை ஒரு சிறு தொழிற்கூடமாகக் கண்டார். சந்தையில் வாங்கும் பொருளையும் தன் நேரத்தையும் சேர்த்தே குடும்பம் தனக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்கிறது என்றார். நேரமில்லாத பெற்றோர் அந்தக் குறையைப் பொருளால் ஈடுகட்ட முயல்கின்றனர்: புதிய கைப்பேசி, வணிக வளாகம், உணவக விருந்து. வளர்ந்த பிள்ளைக்கு இவை போதுவதில்லை. தன்னையும் பொறுப்புள்ள ஆளாக வீடு மதிக்கிறதா என்றே அந்த வயது பார்க்கிறது.

ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறேன். மகன் தண்ணீர் சுமக்கிறான். தந்தை அடுப்பு மூட்டுகிறார். மகள் பொங்கல் பானையைப் பார்த்துக்கொள்கிறாள். 'மதிப்பெண் எவ்வளவு?' என்று எதிரில் அமர்த்திக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, கைகள் வேலையில் இருக்கும்போது தானாகவே பேசுகிறது.

இதை மற்ற வாரங்களுக்கும் விரிக்கலாம். வாரத்தில் ஒருவேளைச் சமையலைத் தந்தையும் பிள்ளைகளும் ஏற்கலாம். ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டியது. சுற்றுலா என்றாலும் விடியலுக்கு முன் எழுந்து புளியோதரை கட்டுபவர் தாய்தானே! அவருக்கும் அது விடுமுறையாக வேண்டும்.

மாதம் ஒருமுறை வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதலாம். கடன் தவணை எவ்வளவு என்று அறிந்த பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தின் பொருள் விளங்கும். வெளியே செல்வதென்றால், வழியையும் செலவையும் பிள்ளையே திட்டமிடட்டும். நம் மாவட்டத்தின் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் வரை பழைமையானவை. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகமே உள்ளது. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. பெரும் செலவின்றி இவற்றைக் கண்டு வரலாம்.

ஞாயிறு வாய்க்காதவர்கள், பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பிய பின் கிடைக்கும் புதன்கிழமை மாலையின் இரண்டு மணி நேரத்தையாவது உறுதியாக ஒதுக்க வேண்டும். ஆலை நிர்வாகங்களும், பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகளுடைய தொழிலாளர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறேனும் விடுமுறை கிடைக்குமாறு பணிப் பட்டியலை அமைக்கலாம். மாற்று ஆள் ஏற்பாட்டைத் தவிர இதற்குப் பெரிய செலவில்லை. மிகைநேர ஊதியத்தை அடுத்த ஆண்டும் ஈட்டிக்கொள்ளலாம். பதினேழு வயது மகனோ மகளோ அடுத்த ஆண்டு வீட்டில் இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.