சீன எழுத்தும் கீற்று முறையும்

சீன எழுத்தைப் பயிலப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே ஒரு தடை எழுப்புவது இயல்பு. “எழுத்து முற்றுப்பெற்றபின் வடிவம் ஒன்றே, எக்கீற்றை முன்னர் இட்டால் என்ன, எதனைப் பின்னர் இட்டால் என்ன?” என்பதே அது. அதற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1716-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற காங்ஷி அகராதியில் 47,000-க்கு மேற்பட்ட எழுத்துக்கள் உள்ளன. அவை யாவும் ஒருசில கீற்று வகைகளால் அமைந்தவையே. தூரிகை தாளைத் தொட்டது முதல் நீங்குங்காறும் இழுப்பது ஒரு கீற்று. இடையே அது வளையினும் மடங்கினும் ஒன்றே என்க. ‘வாய்’ என்னும் பொருளுடைய எழுத்து ஒரு சதுரம். நான்கு பக்கம் காண்பார் நான்கு கீற்றென மயங்குவர். உண்மையில் அது மூன்றே: முதலில் இடப்பக்கத்துக் கோடு, அடுத்து மேற்கோடும் வலக்கோடும் ஒரே மடிப்பாக, இறுதியில் அடிக்கோடு.

முறையாவது யாதெனின், மேலது முன், கீழது பின். இடம் முன், வலம் பின் என்பன முதல் விதிகள். ‘மூன்று’ என்பதன் மூன்று கிடைக்கோடுகளை மேலிருந்தும், ‘ஆறு’ (நதி) என்பதன் மூன்று நெடுங்கோடுகளை இடமிருந்தும் எழுதுக. குறுக்கிடும் கோடுகளில் கிடைக்கோடு முந்தும். சிலுவை வடிவினதாகிய ‘பத்து’ இதற்குச் சான்று. ‘சிறிது’ என்பதில் நடுக்கீற்று முந்த, இருமருங்கும் பிந்தும். ‘நாடு’ என்பதில் சுற்றுமதில் மூன்று பக்கம் எழும்; உள்ளுறுப்பு நிரம்பியபின்னரே அடிக்கோடு மூடும். வீட்டினுள் புகுந்தபின் கதவடைப்பது போன்றது இது.

இம்முறையால் எய்தும் பயன் மூன்று. முதலாவது, நினைவு. பல்லாயிரம் வடிவங்களைக் கண்ணால் மட்டும் நினைவிற் கொள்ளுதல் அரிது. நாடோறும் ஒரே வழியிற் சென்ற கை, கண் மறந்ததையும் எழுதிவிடும். வழி மாறுந்தோறும் கைக்கு அது புதிய எழுத்தே.

இரண்டாவது, அகராதி காணுதல். காங்ஷி அகராதி எழுத்துக்களை 214 தலைமை உறுப்புக்களின்கீழ் வகுத்து, எஞ்சிய கீற்றுக்களின் எண்ணிக்கைப்படி நிரல்படுத்துகின்றது. 1807-ஆம் ஆண்டில் காண்டன் நகர் சேர்ந்த மிஷனெரி ராபர்ட் மாரிசனார், 1815 முதல் 1823 வரை வெளியிட்ட தமது அகராதியின் முதற்பகுதியிலும் இம்முறையையே தழுவினார். கீற்றெல்லை அறியாதார் எண்ணிக்கை பிழைப்பர்; பிழைத்தார்க்குத் தேடிய சொல் கிட்டாது.

மூன்றாவதே தலையாயது. விரைந்து எழுதுங்கால் தூரிகை தாளைவிட்டு முற்றும் எழுவதில்லை. ஒரு கீற்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு மெல்லிய இழை பிணைக்கும். முறை பிறழின் அவ்விழை வேண்டாவிடத்தில் விழும், படிப்பவர் திகைப்பர். எழுதினவர் கை சென்ற வழியைப் படிப்பவர் மனமும் பின்தொடர்தலாலேயே விரைவெழுத்து விளங்குகின்றது. ஆகவே கீற்று முறை எழுதுவார்க்கும் படிப்பார்க்கும் இடையேயுள்ள ஓர் உடன்படிக்கை. முடிந்த வடிவம் ஒன்றே என்னும் தடை, நிறுத்தி எழுதும் எழுத்துக்கே பொருந்தும். ஓடும் எழுத்துக்குப் பொருந்தாது.

இவ்வுடன்படிக்கை நாடுதோறும் சிறிது வேறுபடும். ‘அரசன்’ என்னும் எழுத்தில் மூன்று கிடைக்கோடுகளும் ஒரு நெடுங்கோடும் உள. சீனர் நெடுங்கோட்டை மூன்றாவதாக இடுவர். ஜப்பானியர் இரண்டாவதாக இடுவர். சீன அரசாங்கம் 1997-இல் 7,000 எழுத்துக்களுக்கும், 2020-இல் 8,105 எழுத்துக்களுக்கும் கீற்று முறையை வரையறுத்தது. கற்பார் ஒரு நாட்டு முறையைத் தெரிந்துகொண்டு அதனையே கடைப்பிடித்தல் நன்று.

விதி, கலையைச் சிறைப்படுத்தும் என்று அஞ்சற்க. கி.பி. 353-இல் வாங் ஷீஜி என்னும் எழுத்துக்கலைஞர் இயற்றிய ‘லான்டிங் முன்னுரை’யின் மூலப்படி மறைந்தது, படிகளே எஞ்சின. அவற்றில் ‘ஜி’ என்னும் எழுத்து இருபது முறை வருகின்றது. ஒன்றுபோல் மற்றொன்று இல்லையென அறிஞர் வியப்பர். ஒழுங்கில் ஊறிய கைக்கே அத்தகைய உரிமை வாய்க்கும். ஆதலின், கட்டமிட்ட தாளில் நாளொன்றுக்குச் சில எழுத்துக்களையேனும் விரைவின்றி முறைப்படி எழுதுக. விரைவு தானே வரும்.