பள்ளி விழாக்களில் ஜப்பானியச் சேர்ந்திசைப் பாடல்கள்

சேர்ந்திசை என்பது பலர் கூடி ஒரே பாடலைப் பாடும் இசை வடிவம் ஆகும். அனைவரும் ஒரே மெட்டைப் பாடுவது ஒரு வகை. குரல்கள் இரண்டு அல்லது மூன்று பிரிவுகளாகப் பிரிந்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடி இணைவது மற்றொரு வகை. ஜப்பானில் இந்த இரண்டாம் வகை பள்ளிக் கல்வியின் பகுதியாகவே வளர்ந்துள்ளது. அங்கு நல்ல குரல் உள்ள சிலரைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவதற்குப் பதிலாக, வகுப்பில் உள்ள அனைவரும் பாடும் வழக்கம் பரவலாக உள்ளது. எனவே பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, அது புகழ்பெற்றதா என்பதோடு எல்லா மாணவர்களாலும் பாட முடியுமா என்பதும் கவனிக்கப்படுகிறது.

வரலாறு

மெய்ஜி காலத்தில் ஜப்பானிய அரசு பள்ளிகளில் பாட்டைப் பாடமாக்க முயன்றது. இசாவா ஷூஜி என்ற கல்வியாளரும், அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட இசை ஆசிரியர் லூதர் வைட்டிங் மேசனும் அதற்கான பாடல்களைத் தொகுத்தனர். 1881-இல் உருவான முதல் தொகுப்பில் 'ஹொத்தாரு நோ ஹிகாரி' (மின்மினியின் ஒளி) இடம்பெற்றது. இது 'ஆல்ட் லாங் சைன்' என்ற ஸ்காட்லாந்து மெட்டில் அமைந்தது. இதே மெட்டை ரவீந்திரநாத் தாகூரும் ஒரு வங்காளப் பாடலுக்கு எடுத்தாண்டுள்ளார்.

1932-இல் ஜப்பானிய வானொலி நிறுவனமான என்.எச்.கே. பள்ளிகளுக்கான இசைப் போட்டியைத் தொடங்கியது. இன்று அப்போட்டியின் ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டாயப் பாடல் ஒன்று உண்டு. 2008-இல் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்காகப் பாடகி ஏஞ்சலா அகி எழுதிய 'தெகாமி' (கடிதம்) அவ்வாறு பரவிய பாடல்களுள் ஒன்று. பதினைந்து வயதில் ஒருவர் எதிர்காலத்துத் தமக்கே கடிதம் எழுதுவது அதன் கரு.

நிகழ்ச்சியும் பாடலும்

ஜப்பானில் பரவலாகப் பாடப்படும் பாடல்கள் சிலவும் அவற்றுக்குரிய நிகழ்ச்சிகளும்:

- ஃபுருசாத்தோ (சொந்த ஊர்): 1914-இல் ஆறாம் வகுப்புக்கான பாடநூலில் வெளிவந்தது. பாடல் தக்கானோ தத்சுயுகி, இசை ஒக்கானோ தெயிச்சி. சிறுவயதில் விளையாடிய மலையையும் ஆற்றையும் நினைத்துப் பாடுவது. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது, நெடுக்கம் குறைவு. முதன்முதலாகச் சேர்ந்து பாடுவோருக்கும், பெற்றோர் கூடும் விழாவுக்கும் ஏற்றது.
- அக்காத்தொம்போ (செந்தும்பி): மிக்கி ரொஃபு எழுதிய கவிதைக்கு 1927-இல் யமாதா கோசாக்கு இசையமைத்தார். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளாலும் பாட முடியும்.
- தாய்ச்சி சன்ஷோ (பூமியைப் போற்றுதல்): 1962-இல் உருவான பெரிய சேர்ந்திசைப் படைப்பு ஒன்றின் இறுதிப் பகுதி. நான்கு குரல்களுக்கானது. பெரிய குழுவும் நீண்ட பயிற்சியும் தேவை.
- ஹனா வா சக்கு (மலர்கள் பூக்கும்): 2011 நிலநடுக்கம், சுனாமிப் பேரழிவுக்குப் பின் மீட்புப் பணிக்கு ஆதரவாக 2012-இல் வெளிவந்தது. நினைவஞ்சலிக் கூட்டங்களுக்கு உரியது.

சிச்சிபுவில் பிறந்த பாடல்

இன்று ஜப்பானில் பள்ளி நிறைவு விழாக்களில் மிகுதியாகப் பாடப்படும் பாடல்களுள் ஒன்று 'தபிதாச்சி நோ ஹி நி' (புறப்படும் நாளில்). இது சைத்தாமா மாகாணத்தின் சிச்சிபு நகரில் உள்ள ககெமோரி நடுநிலைப் பள்ளியில் உருவானது. சிச்சிபு, சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் புக்கோ மலையின் அடியில் சிமெண்ட் தொழிலால் வளர்ந்த ஊர்.

1980களின் இறுதியில் அப்பள்ளியில் ஒழுங்கு குலைந்திருந்தது. தலைமையாசிரியர் கொஜிமா நொபொரு, பாட்டொலி கேட்கும் பள்ளியாக அதை மாற்ற முயன்றார். இசை ஆசிரியை சகமோத்தோ ஹிரோமி மாணவர்களைப் பாடப் பழக்கினார். 1991-இல் விடைபெறும் மாணவர்களுக்காகத் தலைமையாசிரியர் பாடல் எழுத, ஆசிரியை மெட்டமைத்தார். வழியனுப்பு நிகழ்ச்சியில் ஆசிரியர்களே மேடையேறி அதைப் பாடினர். பின்னர் அது பிற பள்ளிகளுக்கும் பரவியது.

அதுவரை நிறைவு விழாக்களில், 1884-இல் வெளிவந்த 'அவோகெபா தோத்தோஷி' என்ற ஆசிரியர் நன்றிப் பாடலே முதன்மை பெற்றிருந்தது. அதில் மாணவர் ஆசிரியரை வணங்குகிறார். புதிய பாடலோ, ஆசிரியர் மாணவரை வாழ்த்தி அனுப்புவதற்காக எழுதப்பட்டது. ஒரு விழாவில் யார் யாரை நோக்கிப் பாடுகிறார்கள் என்பது பாடல் தேர்வில் முதலில் தீர்மானிக்க வேண்டியது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் சேர்ந்திசை

தமிழ்நாட்டில் பல குரல் சேர்ந்திசையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் (1925–1988). தொழிலாளர் வாழ்க்கையைப் பேசிய 'பாதை தெரியுது பார்' (1960) திரைப்படத்துக்கு இசையமைத்த அவர், 1970களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற குழுவை நிறுவினார். பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் அக்குழு பல குரல்களில் பாடியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அனைவரும் சேர்ந்து பாடும் பாடல் தமிழ்த்தாய் வாழ்த்து ஆகும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டை ஒலிக்கவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயாலேயே பாட வேண்டும் என்றது. ஆண்டு விழாக்களில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, சிலர் ஆட, மற்றவர்கள் பார்த்திருக்கும் வழக்கத்துக்கு மாற்றாகச் சேர்ந்திசையைக் கருதலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு சுருதிப்பெட்டி அல்லது ஆர்மோனியம் போதும்.

வட சென்னைக்குப் பொருத்திப் பார்த்தல்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் கூட்டாகப் பாடுவது புதியதன்று. கடலோர மீனவர்களின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவர். கானாவிலும் தனிக்குரலுக்குக் கூட்டம் பின்பாட்டுப் பாடும். தேவாலயங்களில் பாடற்குழுக்கள் உள்ளன. திருவொற்றியூரோ தியாகராஜர் திரிபுரசுந்தரி அம்மன்மேல் ஐந்து கிருதிகள் பாடிய தலம்.

துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இப்பகுதி மாணவர்களுக்குச் சிச்சிபுவின் கதை அந்நியமாக இராது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தை அறிந்த மாணவர்களுக்கு 'ஃபுருசாத்தோ' எளிதில் பொருள்படும். 2004 டிசம்பர் 26 சுனாமி இக்கரையையும் தாக்கியதால், அந்நாளை நினைவுகூரும் பள்ளிகள் 'ஹனா வா சக்கு' பாடலை எண்ணிப் பார்க்கலாம்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

*இராகம்:* ஜப்பானியப் பாடல்கள் பலவற்றில் 'யொனானுகி' என்ற ஐந்து சுர அமைப்பு காணப்படுகிறது. நான்காம், ஏழாம் சுரங்கள் அற்றது என்பது அதன் பொருள். மத்திமமும் நிஷாதமும் நீங்கிய மோகன இராகத்தின் சுரங்களும் இவையே. தமிழ்த்தாய் வாழ்த்து மோகனத்தில் அமைந்திருப்பதால், அதைப் பாடிப் பழகிய மாணவர்களுக்கு 'ஹொத்தாரு நோ ஹிகாரி', 'அக்காத்தொம்போ' ஆகியவை செவிக்குப் பழக்கமானவையாக இருக்கும். தொடக்கத்துக்கு இவையே நல்லவை.

*குரல்:* நடுநிலை வகுப்புகளில் மாணவர்களின் குரல் உடையும் பருவம் தொடங்குகிறது. அவர்களை உச்சக் குரலில் பாட வைத்தால் தொண்டை கெடும். வெட்கப்பட்டு விலகவும் செய்வர். அவர்களுக்குத் தாழ்ந்த பகுதியை ஒதுக்கி, பாடலின் சுருதியை அதற்கேற்ப இறக்க வேண்டும்.

*பகுதிகள்:* முதல் ஆண்டு ஒரே மெட்டு, அடுத்து இரு குரல், பின்னர் மூன்று குரல் என்று செல்வது நன்று.

*உச்சரிப்பு:* ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போல அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்களும் குறில், நெடில் வேறுபாடும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்தில் வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. 'ககி' என்று எழுதினால் இரண்டாம் எழுத்தை வன்மையாக ஒலிக்கும்போது சிப்பி என்றும், மென்மையாக ஒலிக்கும்போது சாவி என்றும் பொருள்படும். எனவே மென்மையாக ஒலிக்க வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே கோடிட்டுக் கொடுப்பது பயன்தரும்.

*பொருள்:* பாடுவதற்கு முன் ஒவ்வொரு அடியின் பொருளையும் தமிழில் சொல்லித் தர வேண்டும். விழா மேடையில் அதன் சுருக்கத்தை ஒரு மாணவர் முதலில் படித்தால் பெற்றோருக்கும் விளங்கும்.

*பதிப்புரிமை:* 'ஃபுருசாத்தோ', 'ஹொத்தாரு நோ ஹிகாரி' போன்ற பழைய பாடல்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. 1991-க்குப் பிந்தைய பாடல்களுக்கு உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டுமே கூடும் பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்களும் ஆசிரியர்களும் பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடுவது அவ்விலக்கில் அடங்காது.

பழகும் காலம்

எளிய பாடல் ஒன்றை அன்றாடம் சிறிது நேரம் பாடி, சில வாரங்களில் மனப்பாடமாக்கலாம். கடினமான பாடலை விழா நெருங்கும் வேளையில் எடுத்தால், பாட வராதவர்களை நீக்கிவிடும் எண்ணமே தோன்றும். ஒரு குழந்தையையும் வெளியே நிறுத்தாத பாடலே பள்ளிச் சேர்ந்திசைக்கு உரிய பாடல் ஆகும்.