மரப்பெட்டி செய்பவரும் விமானம் செய்யலாம்

மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவர் விமானமும் செய்துவிடலாம் என்று நம்பியவர், பிரான்சைச் சேர்ந்த ஆன்றி மின்யே. ஒருவர் மட்டுமே அமரக்கூடிய அவருடைய 'பூ து சியேல்' 1933-இல் பறந்தது. மரச்சட்டம், துணிப் போர்வை, மோட்டார் சைக்கிள் எஞ்சின், அவ்வளவுதான். காலால் மிதிக்க எதுவும் கிடையாது; எல்லாம் ஒரே கைப்பிடியில். மறு ஆண்டே செய்முறையைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். பிரான்சிலும் பிரிட்டனிலும் வீட்டுக் கொட்டகைகளில் ரம்பச் சத்தம்! ஆனால், முன்னும் பின்னுமாக நெருங்கி நின்ற இரண்டு இறக்கைகளால் ஓர் ஆபத்து. மூக்கு கவிழ்ந்தால் விமானம் நிமிர மறுத்தது. உயிர்கள் போயின. 1936-இல் காற்றுச்சுரங்கச் சோதனைகள் காரணத்தைக் காட்ட, வடிவம் திருத்தப்பட்டது. அதன் வழிவந்த விமானங்களை ஆர்வலர்கள் இன்றும் தாங்களே கட்டிப் பறக்கிறார்கள்.