மதத்தைக் காரணம் காட்டி தடுப்பூசியைத் தவிர்க்கலாமா? அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கணும். ஆனால், "எங்க மத நம்பிக்கைப்படி தடுப்பூசி போட மாட்டோம்" என்கிறார்கள் பெற்றோர். பள்ளி என்ன செய்யும்? அமெரிக்காவில் அது மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 மாகாணங்களிலும் பள்ளியில் சேர தட்டம்மை, போலியோ போன்ற தடுப்பூசிகள் கட்டாயம். உடல்நலக் காரணம் என்றால் டாக்டர் சான்றிதழோடு எங்கும் விலக்கு உண்டு. பெரும்பாலான மாகாணங்களில் மத நம்பிக்கைக்காகவும் விலக்கு கேட்கலாம். கலிபோர்னியா, நியூயார்க், மெய்ன், கனெக்டிகட் மாகாணங்கள் இந்த மத விலக்கை ரத்து செய்துவிட்டன.

நியூயார்க் ஏன் ரத்து செய்தது?

2018 அக்டோபரில் நியூயார்க் நகரின் புரூக்ளினில், ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் அதிகம் வாழும் பகுதியில் தட்டம்மை பரவத் தொடங்கியது. நகரில் மட்டும் 649 பேருக்கு பாதிப்பு. 2019 ஜூனில் மத விலக்கு நீக்கப்பட்டது. பெற்றோர் பலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

மதம் உண்மையிலேயே தடுக்கிறதா?

பெரிய மதங்கள் எதுவும் தடுப்பூசிக்குத் தடை போடவில்லை. புரூக்ளினிலும் யூத மதகுருக்கள் பலர் ஊசி போடச் சொன்னார்கள். ரூபெல்லா தடுப்பூசிக்கான வைரஸ், 1960-களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கருவிலிருந்து உருவான செல்களில் வளர்க்கப்படுகிறது. சில கிறிஸ்தவப் பெற்றோருக்கு இதுதான் உறுத்தல். ஆனால், மாற்று இல்லாத நிலையில் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது வாடிகன்.

யாருக்கு ஆபத்து?

தட்டம்மைக்கான முதல் ஊசியே வழக்கமாக 12 மாதத்துக்குப் பிறகுதான். கேன்சருக்கு கீமோ எடுக்கும் குழந்தைக்கு அந்த ஊசி போடவே முடியாது. இவர்களுக்கு ஒரே பாதுகாப்பு, சுற்றியுள்ளவர்கள் ஊசி போட்டிருப்பதுதான். அதற்கு 95 சதவீதம் பேராவது போட்டிருக்க வேண்டும். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்க மழலையர் வகுப்புகளில் அது 92.5 சதவீதம்தான். ஏதாவது ஒரு காரணத்தால் விலக்கு பெற்றவர்கள் 3.6 சதவீதம். 2025-ல் டெக்சாஸில் தட்டம்மைக்கு இரண்டு குழந்தைகள் பலியானார்கள். இருவருமே தடுப்பூசி போடாதவர்கள்.

கோர்ட் என்ன சொன்னது?

பெரியம்மை ஊசி போட மறுத்த ஒரு பாதிரியாருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என 1905-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால், 2023-ல் மிசிசிப்பி மாகாணம் மத விலக்கு தர வேண்டும் என ஃபெடரல் நீதிபதி உத்தரவிட்டார். 2025 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியா ஆளுநரும் அனுமதிக்க, அதுவும் வழக்காகிவிட்டது.

பெற்றோரின் நம்பிக்கையா, பக்கத்து பெஞ்ச் குழந்தையின் உயிரா? 100 வருஷம் தாண்டியும் இந்த வழக்கு முடிந்தபாடில்லை.